மூன்று விரல் ரொட்டி

லோர்கன் ரின் வாழ்நாளில் பாதிக்கு மேல் மலைகளுக்கு அடியில் கழித்தவர். பதினேழு வயதில், அயர்லாந்தில் எங்கள் லீட்ரிமிலிருந்து கப்பலேறிப் போனார். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் மின்நிலையங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சுரங்கங்களை வெட்டினார். முப்பத்தாறு வருஷம் கழித்து, 1968 வசந்தத்தில், அண்ணன் செத்துப்போய் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு தோல்பெட்டியோடு திரும்பி வந்தார். கல்யாணம் ஆகவில்லை. வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை.

நான் அப்போதும் இப்போதும் எங்கள் ஊரான டிரம்லாராவில் தபால்காரன். அவருக்கு முதல் கடிதம் கொண்டுபோன காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏரியிலிருந்து பனி ஏறிவந்து வேலிகளை மூடியிருந்தது. வீட்டு முன்னால் இருந்த கல்சுவரின் மேல் ஒரு பெரிய மனிதர், பாதிக் கண் மூடி, வாயைச் சற்றே திறந்து உட்கார்ந்திருந்தார். சைக்கிளைச் சாய்த்தேன். அசையவில்லை.

"தூங்குறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. ரொட்டி வேகுது."

"உள்ள யாராவது பாத்துக்குறாங்களா?"

"உள்ள யாரும் இல்ல. இங்கேருந்தே தெரியும். இப்ப மாவு வாசன வருது பாருங்க, அது ஒண்ணுமில்ல. அப்புறம் பால் காய்ச்சுற மாதிரி ஒரு வாசன வரும். கடைசில வறுத்த கொட்ட வாசன வரும். அது வந்ததும் எந்திரிச்சாப் போதும்."

வறுத்த கொட்டை வாசனை வரும்வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடிதம் என் கையிலேயே இருந்தது. அவர் கேட்கவும் இல்லை, எனக்குக் கொடுக்கத் தோன்றவும் இல்லை. பிறகு உள்ளே போனோம். அடுப்பில் மூன்று கால் இரும்புப் பானை ஒன்று, அதன் மூடிமேல், சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகள் கனன்றன. இடுக்கியால் மூடியைத் தூக்கினார். கரிமண் புகையும் கோதுமை மணமும் ஒன்றாக எழுந்தன. ரொட்டி நான்காகப் பிளந்து விரிந்து கிடந்தது. அதைத் திருப்பி, அடியில் விரல் முட்டியால் தட்டினார். காலிப் பெட்டியைத் தட்டியது போலச் சத்தம் கேட்டது. ஒரு துணியில் சுற்றி வைத்துவிட்டு, ஆறும்வரை தொடக்கூடாது என்றார். ஆனால் இரண்டு பேரும் பொறுக்கவில்லை. வெண்ணெய் தடவியதும் உருகி என் சட்டைக் கைக்குள் ஓடியது.

நான் பிறந்த நாள் முதல் சோடா ரொட்டி தின்பவன். எங்கள் பக்கத்தில் அதைச் சுடாத வீடு கிடையாது. ஆனால் இப்படி ஒரு ரொட்டியை நான் தின்றதில்லை. மேலே மரப்பட்டை போல மொறமொறப்பு, உள்ளே மேகம்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"யாரும் கத்துக் குடுக்கல. பசிதான்."

1947 பனிக்காலத்தில் ஸ்காட்லாந்து மலையில் சுரங்க ஆட்கள் தங்கியிருந்த கொட்டகைக்குப் போகும் பாதையைப் பனி மூடிவிட்டது. ஒன்பது நாள் எந்த வண்டியும் வரவில்லை. ஒரு மூட்டை மாவு இருந்தது. பால் புளித்துப்போயிருந்தது. கூட வேலை செய்த ஒருவர் நெஞ்செரிச்சலுக்காகச் சோடா உப்பு வைத்திருந்தார். வேறென்ன இருக்கிறது என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தபோது, லோர்கன் அந்த மூன்றையும் உப்போடு கலந்து, மண்வெட்டித் தகட்டின்மேல் வைத்து, வாளியைக் கவிழ்த்து மூடி, நெருப்பில் வைத்தார். முதல் ரொட்டியை ஆணி அடிக்கப் பயன்படுத்தலாம் என்றார்கள். ஆனாலும் தின்றார்கள். ஒன்பதாம் நாள் பாதை திறந்தபோது அவர் சுட்டது ரொட்டியாகவே ஆகியிருந்தது. ஐந்து வருஷம் கழித்து, பாறை சரிந்து இரண்டு விரல் போன பிறகுதான் அது நான் தின்ற ரொட்டியாக மாறியதாம்.

"அதெப்படி?" என்றேன்.

கையை விரித்துக் காட்டினார். மூன்று விரல்கள் பருந்தின் கால்போல நின்றன. "இத வெச்சு மாவ அழுத்திப் பிசைய முடியாது. சும்மா ஒரு சுத்து சுத்தலாம், அவ்வளவுதான். இந்த மாவுக்கு அதுதான் வேணும். அடிச்சா முறைச்சுக்கும்."

அந்த ரொட்டிக்கு ஒரே ஒரு குறை இருந்தது. மோர். பாலைப் புளிக்கவிட்டுச் செய்தால் வாய்க்கிறது, ஆனால் மோர் ஊற்றினால் வருகிற லேசு வராது. பால் பண்ணைக்குப் பால் ஊற்ற ஆரம்பித்த பிறகு வீட்டில் வெண்ணெய் கடைபவர்கள் அருகிவிட்டார்கள். நான்தான் சொன்னேன்: வயலுக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டி, கலோக்லி வீடு இருக்கிறது, அங்கே டிம்ப்னா இன்னும் கடைகிறாள் என்று.

டிம்ப்னா கலோக்லிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அவளும், அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அண்ணன் ஃபீலிமும்தான் அந்த வீட்டில். ஐந்து மாடுகள். டிம்ப்னா உயரமாக, தோள் அகன்று இருப்பாள். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. ஃபீலிம் அந்த இரண்டையும் சேர்த்துத் தானே செலவழிப்பவர்.

மறுநாளே லோர்கன் தகரக் குவளையைத் தூக்கிக்கொண்டு வயலைக் கடந்து போனார். நானும் அந்நேரம் அங்கே இருந்தேன். கலோக்லி வீட்டில் தபாலோடு ஒரு கோப்பைத் தேநீரும் என் வழக்கம்.

"வேலைக்கு ஆண்டவன் துணை," என்று எங்கள் பக்கத்து வழக்கப்படி வாழ்த்திவிட்டு வாசலில் நின்றார்.

"உள்ள வாங்க," என்றாள் டிம்ப்னா. கடைகோலை விடவில்லை.

"கொஞ்சம் மோர் கிடைக்குமா? ரொட்டிக்கு."

"யாரு சுடுறது?"

"நான்தான்."

அடுப்போரத்திலிருந்து ஃபீலிம் வெடித்துச் சிரித்தார். "ஆம்பள சுட்ட ரொட்டியா! எங்க நாய்கூட அதத் திங்காது, அதுக்கு நம்ம வீட்டு மோர் வேணுமாம் பாரு!"

"உங்க வீட்டு ரொட்டி எப்படி?" என்று லோர்கன் சாதுவாகக் கேட்டார்.

சிரிப்பு நின்றது. டிம்ப்னா என்னைப் பார்த்தாள், நான் தேநீரைப் பார்த்தேன். சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. பால் கறந்தும் கடைந்தும் இறுகிய கைகள் அவளுக்கு. மாவைப் பிடித்தால் விடமாட்டாள்.

ஃபீலிம்தான் பேசினார். "மாட்டுக்கொட்டாய்க் கதவு காத்துல அடிக்குதுன்னு போன மாசம் இவ சுட்ட ரொட்டிய முட்டுக் குடுத்தேன். இன்னி வரைக்கும் கதவு அசையல."

"ஃபீலிம்!" என்றாள் அவள். காது சிவந்துவிட்டது. ஆனாலும் குவளையை வாங்கி, விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தாள்.

அன்று மாலைக்குள் ரொட்டியில் பாதி அந்த வீட்டுக்கு வந்தது. மேலே சிலுவையாகக் கீறிச் சுடுவதால் தானாகவே நாலு துண்டாகப் பிரியும். இரண்டு அவருக்கு, இரண்டு கலோக்லிகளுக்கு. ஃபீலிம் முதல் வாயைத் தின்றார். மறுபடி ஒரு வாய். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் அப்படித்தான். காலையில் குவளை போகும், மாலையில் பாதி ரொட்டி வரும். இது ஒன்பது வருஷம் நடந்தது.

எங்கள் ஊரார் சும்மா இருப்பார்களா? "மோருக்குப் போறாரா, மோர்க்காரிக்குப் போறாரா?" என்று என்னிடம்தான் விசாரிப்பார்கள். எனக்கு என்ன தெரியும்? நான் பார்த்ததெல்லாம் இவ்வளவுதான்: அவர் வருவார், வாசலில் நிற்பார். "இன்னிக்கி ஏரி வெள்ளையா இருக்கு," என்பார். "ஆமா," என்பாள். சில நாள், "நேத்து ரொட்டி ஒரு பக்கம் சரிஞ்சிருந்துச்சே," என்பாள். "காத்து அந்தப் பக்கம்," என்பார். குவளை கைமாறும். வயலில் பாதி தூரம் போய் அவர் ஒருமுறை நிற்பார். திரும்பிப் பார்ப்பார் என்று நான் எதிர்பார்ப்பேன். பார்க்கமாட்டார். பனிக்குள் கரைந்து போய்விடுவார். டிம்ப்னா கதவருகே நின்றபடி, அவர் கரைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஃபீலிம், "கதவச் சாத்து, வீட்டுக்குள்ள இருந்த சூடெல்லாம் லோர்கன் பின்னாலயே போகுது," என்பார்.

ஒருநாள் கல்சுவரில் உட்கார்ந்திருந்தபோது நானே கேட்டுவிட்டேன். "ஏங்க, அவகிட்ட ஒரு வார்த்த பேசக் கூடாதா?"

பானையிலிருந்து பால் வாசனை வர ஆரம்பித்திருந்தது.

"டோமினிக்," என்றார், "முப்பத்தாறு வருஷம் கார்பைட் விளக்கு வெளிச்சத்துல இருந்தவன் நான். இப்ப ஏரி, நாணல், மாடு, அந்த வீட்டுக் கதவு இதையெல்லாம் பாக்குறப்போ நெஜம்னே தோணல. சுரங்கத்துக்குள்ள எங்கயோ அசந்து தூங்கிட்டு இருக்கேன், இது எனக்கு வர்ற கனவுன்னு இருக்கு. சத்தமாப் பேசினா முழிச்சிருவேனோன்னு பயமா இருக்கு."

எனக்கும் அந்த நேரம் அந்தச் சுவர், பனி, எங்கோ கூவிய நாரை எல்லாம் சற்று மங்கலாகத்தான் தெரிந்தன. சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

ஐந்து மாடு மூன்றானது, மூன்று ஒன்றானது. ஃபீலிமுக்கு முட்டி போய்விட்டது. 1977 ஏப்ரலில் மாட்டு வைத்தியர் வந்து ஊசிபோட்டுச் சோதித்தார். கடைசி மாட்டுக்குக் காசநோய் என்று தெரிந்தது. நோய் மடிக்கு இறங்கவில்லை, ஆனாலும் சட்டப்படி மாட்டை வெட்டக் கொடுத்தாக வேண்டும். மறுநாளே வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. டிம்ப்னா கொட்டகையைக் கழுவி, கதவைச் சாத்தினாள். ஃபீலிம், "இனி இந்த வயசுல மாடும் வேணாம், சாணியும் வேணாம்," என்று சொல்லிவிட்டார்.

லோர்கனுக்கு இது தெரியாது. வழக்கமான காலையில் குவளையோடு வந்து நின்றார். நான் மேசையில் இருந்தேன்.

"மாடு போயிருச்சு," என்றாள் டிம்ப்னா.

"ஓ."

"இனிமே மோர் இருக்காது."

குவளையின் கைப்பிடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். "அப்ப சரி," என்றார். போய்விட்டார்.

அவர் வரவேண்டிய நாள் வந்தது, அவர் வரவில்லை. அடுத்ததும் போனது. காரணம் இல்லாமல் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்க அவருக்குத் தெரியவில்லை. நான் கடிதம் கொடுக்கப் போனால் சுவர் காலியாக இருந்தது. உள்ளே மேசையில் கடையில் வாங்கிய வெள்ளை ரொட்டி, காகித உறை கிழிந்து கிடக்கும். அவர் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பானை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

கலோக்லி வீட்டில் ஃபீலிமுக்குப் பித்துப் பிடிக்காத குறை. கடை ரொட்டியை விரலால் அமுக்கிக் காட்டினார். "பாரு டோமினிக், பஞ்சு! மெத்தைக்குள்ள அடைக்கிறத மனுஷனுக்குத் திங்கக் குடுக்குறாங்க. அந்த ரின் பய இப்பத்தான் முதுகக் காட்டணுமா?" பிறகு டிம்ப்னாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இவளும் ஒரு வாரமா எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. இத்தன வருஷம் பேசினதே பத்து வார்த்ததான், அதுவும் போச்சு."

அவள் அடுப்புப் பக்கம் குனிந்து, ஒரு ஜாம் புட்டியைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள். நான் கவனித்தேன், ஆனால் என்னவென்று கேட்கவில்லை.

கடைசியாகக் கடைந்த மோரில் ஒரு கோப்பையை அவள் எடுத்து வைத்திருந்தாள். அதைப் பண்ணை வண்டிக்காரரிடம் வாங்கிய பாலில் உறை ஊற்றி, அடுப்படி வெதுவெதுப்பில் வைத்தாள். முதல் புட்டி கெட்டுப்போனது. இரண்டாவதில் கொஞ்சம் புளிப்பு வந்தது. அதிலிருந்து எடுத்து மூன்றாவதில் ஊற்றினாள். பதினோரு நாள் பிடித்தது. பன்னிரண்டாம் நாள் காலை, திரண்டு, மணத்து, நாக்கில் சுள்ளென்று பட்டது.

அன்று நான் சைக்கிளில் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். பனி வயலை நிரப்பியிருந்தது. அதன் நடுவே ஒரு உருவம் நடந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, பாலில் மிதப்பது போல நகர்ந்தது. வழக்கமாகக் காலையில் லோர்கனின் உருவம்தான் வலமிருந்து இடம் போகும். அன்று இடமிருந்து வலம் வந்தது. டிம்ப்னா. ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் வீட்டை நோக்கி.

அங்கே நடந்ததை லோர்கன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பின்னால் டிம்ப்னாவும் சொன்னாள். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போனது.

அவள் வாசலில் நின்று, "வேலைக்கு ஆண்டவன் துணை," என்றாளாம்.

"இங்க வேலை ஒண்ணும் நடக்கலையே," என்றாராம் அவர்.

"நடக்கட்டும்." ஜாம் புட்டியை மேசையில் வைத்தாள்.

அவர் துணியை விலக்கி முகர்ந்தார். மாடு இல்லாத வீட்டிலிருந்து மோர் எப்படி வந்தது என்று கேட்கவே இல்லை. பானையை நிமிர்த்தினார். கரடாக அரைத்த கோதுமை மாவைக் கிண்ணத்தில் கொட்டினார், உப்பு, சோடா உப்பு. நடுவில் குழி பறித்து மோரை ஊற்றி, மூன்று விரலால் ஒரே போக்கில் சுற்றினார். டிம்ப்னா பக்கத்தில் நின்று பார்த்தாள். இத்தனை வருஷம் தின்ற ரொட்டி எப்படிப் பிறக்கிறது என்று அவள் பார்த்ததில்லை.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்."

"நான் கால் மணி நேரம் குத்துவேன்."

"கதவுக்கு முட்டுக் குடுக்கணும்னா குத்தலாம்."

அப்போதுதான் அவள் சிரித்தாளாம். லோர்கன் அதற்குமுன் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. தாழ்ந்த, கொஞ்சம் கரகரத்த சிரிப்பு. சிலுவை கீறி, நாலு பாகத்திலும் கத்தி நுனியால் குத்தி, ரொட்டியைப் பானைக்குள் இறக்கி, மூடிமேல் கனல் வைத்தார். இருவரும் வெளியே வந்து சுவரில் உட்கார்ந்தார்கள்.

மாவு வாசனை வந்தது. ஏரி மெல்ல மெல்லத் தெரிந்தது. பால் வாசனை வந்தது.

"பன்னெண்டு நாளா நீங்க வரல," என்றாள்.

"மோர் இல்லன்னீங்க."

"மோர்தான் இல்லன்னேன். வேற எதுவும் இல்லன்னு சொல்லலையே."

அவர் கண்ணை முழுசாகத் திறந்தார். வயல் இருந்தது. நாணல் இருந்தது. பக்கத்தில் ஈரச் செருப்போடு அவள் இருந்தாள். கனவு கலையவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் பேசிப் பார்த்தார். மலைக்கு அடியில் தண்ணீர் சொட்டும் சத்தத்தைப் பற்றி, விரல் போன நாளைப் பற்றி, வயல் நடுவில் ஒவ்வொரு முறையும் நின்றது ஏன் என்பது பற்றி. திரும்பிப் பார்க்கும்போது கதவு மூடியிருந்தால் தாங்காது என்றுதான் திரும்பவில்லையாம். அவள், தான் ஒருநாளும் கதவை மூடியதில்லை என்றும், அதற்காக ஃபீலிமிடம் ஒன்பது வருஷம் திட்டு வாங்கியதாகவும் சொன்னாள்.

நான் அவர் வீட்டு வளைவில் திரும்பியபோது கூரைப் புகைபோக்கியிலிருந்து கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது. சுவரில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூக்கு என்று ஒன்று இரண்டு பேருக்குமே இல்லை போலிருந்தது.

"ரொட்டி!" என்று கத்தினேன். "லோர்கன்! ரொட்டி தீயுது!"

அந்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்து, அவ்வளவு நிதானமாக, "ஆமா டோமினிக், தீஞ்சிருக்கும்," என்றார்.

வெளியெல்லாம் கரி. சுரண்டிவிட்டு உள்ளே இருந்ததை மூன்று பேரும் தின்றோம். பாதியை டிம்ப்னா துணியில் சுற்றி எடுத்துப் போனாள். ஃபீலிம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இத்தன வருஷத்துல ஒரு தடவகூடத் தீஞ்சதில்லையே," என்றாராம். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தார். "ஆகட்டும், கட்டிக்குங்க. நான் குறுக்க நிக்கல. ஆனா பாதி ரொட்டிக் கணக்கு இனிச் செல்லாது. முழு ரொட்டியும் இங்கதான் இருக்கணும்."

அந்த அக்டோபரில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு அறுபத்திரண்டு, பெண்ணுக்கு ஐம்பத்தேழு. கோயிலில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஃபீலிம் தடியை ஊன்றிக்கொண்டு பெண்ணைக் கூட்டிவந்தார். லோர்கன் ஏரிக்கரை வீட்டுக்குக் குடிவந்தார். ஃபீலிம் நாலு வருஷம் நல்ல ரொட்டி தின்று, உப்பைக் குறைசொல்லி, 1981 இளவேனிலில் படுக்கையிலேயே அமைதியாகப் போய்ச்சேர்ந்தார்.

அதற்கப்புறம் அவர்கள் ஒரு பழைய படகு வாங்கினார்கள். லோர்கனுக்குத் துடுப்புப் போட வராது, டிம்ப்னாவுக்கு நீச்சல் தெரியாது. மீன் பிடிப்பதும் இல்லை. ஆனாலும் நல்ல நாள்களில் காலையில் ஏரிக்குள் போய்விடுவார்கள். என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "ஒண்ணுமில்ல," என்பாள் டிம்ப்னா, அது ஒரு வேலைபோல.

சென்ற செப்டம்பரில் அவர்களுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டில் யாரும் இல்லை. கரைக்கு இறங்கிப் போனேன். காற்றே இல்லை. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு எங்கே என்று தெரியவில்லை. வெளிறிய ஒரே நிறம், அதன் நடுவில் அந்தப் படகு எதன்மேலும் படாமல் நின்றது. லோர்கன் துடுப்பை மடியில் வைத்திருந்தார். அவள் கையை நீட்டி எதையோ காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

இரண்டு தடவை கூப்பிட்டேன். குரல் அங்கே போய்ச் சேரவில்லை. கடிதத்தைப் படகுத்துறையில் ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு, சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறினேன். இன்னும் ஏழு வீட்டுத் தபால் பையில் இருந்தது.